மூன்றாவது ஓட்டை

கீழ்வேளூர்ப் பக்கத்தில் தன் நிலம் எவ்வளவு என்று தெரியாமல், தன் காரில் எத்தனை போல்ட் என்று மட்டும் தெரிந்து வைத்திருந்த ஒரே மனிதர் எங்கள் 'போல்ட்டு மிராசு'தான்.

நில விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. உச்சவரம்புச் சட்டம் என்று காதில் விழுந்ததுமே சித்தி, சித்தியின் சம்பந்தி, சிங்கப்பூர் போய்த் திரும்பாத மச்சான், இன்னும் பிறக்காத பேரன் என்று ஆளுக்குக் கொஞ்சம் எழுதி வைத்துவிட்டார். அப்புறம் அவருக்கே குழப்பம். வரப்பில் நின்று, "இது யாரு வயல்டா?" என்பார். "உங்களுதுதாங்கய்யா" என்று ஆள் சொன்னால், "சத்தமாச் சொல்லாதே!" என்பார்.

கார் விஷயம் வேறு. ஒருநாள் பானெட்டைத் திறந்தவர் கண்ணில், டைனமோவைத் தாங்கும் இரும்புத் துண்டு பட்டது. யானைக் காது மாதிரி கோணல்மாணலான சாமான். அதில் மூன்று ஓட்டை. இரண்டில் போல்ட் இருந்தது, மூன்றாவது காலி. கார் வழக்கம்போலத்தான் ஓடிக்கொண்டிருந்தது; அதாவது பாதி வழி தானாக, மீதி வழி ஆட்கள் தள்ளி. அவருக்கு அது போதவில்லை.

"ஓட்டைன்னு இருந்தா போல்ட்டு இருந்திருக்கணும். இல்லேன்னா எடுத்தவன் இருக்கணும்" என்றார். பள்ளிக்கூட வாத்தியாரான என்னையும் தலையை உள்ளே விடச் சொல்லிச் சாட்சியாக்கிக்கொண்டார்.

அது குறுவை அறுவடை நேரம். கலம் நெல்லுக்கு அரைப்படி கூலி கூட்டிக் கேட்டு, விவசாயத் தொழிலாளர் சங்கத்து ஆட்கள் வயலில் இறங்காமல் இருந்தார்கள். அந்த வருஷங்களில் எங்கள் பக்கம் கூலிச் சண்டை விளையாட்டல்ல. அடிதடி, போலீஸ் வண்டி என்று ஊருக்கு ஊர் பயந்து கிடந்தோம்.

சங்கத்துத் தலைவி காத்தாயி மிராசிடம் வந்தாள்.

"ஐயா, கதிரு தலை சாஞ்சு கெடக்கு. ஒரு மழை பேஞ்சா வயல்லயே மொளைச்சிரும். அப்புறம் உங்களுக்கும் இல்ல, எங்களுக்கும் இல்ல."

"மொதல்ல போல்ட்டு, அப்புறம் கூலி. காரைத் தள்ளினது உங்க ஆளுங்கதானே?"

"நல்லாருக்குங்கய்யா! தள்ளினதுக்குத் திருட்டுப் பட்டமா?"

பேச்சு அங்கேயே நின்றது. மேற்கே வானம் கறுத்தது.

சமாதானம் பேச ஆளுங்கட்சி வட்டச் செயலாளர் வந்தார், அதே மாதிரிக் காரில். அவருடைய கரைவேட்டி முழுசாக வெளியே வருவதற்குள் மிராசு பானெட்டைத் தூக்கிவிட்டார். உள்ளே அதே யானைக் காது, அதே மூன்று ஓட்டை. மூன்றாவது காலி! கம்பெனியிலிருந்து வரும்போதே அது அப்படித்தான் என்று நான் நிம்மதிப் பெருமூச்சு விட்டேன்.

மிராசு நிமிர்ந்தார். "ஐயையோ தம்பி! உங்க கார்லயும் கழட்டிட்டானுங்களே!"

செயலாளர் எட்டிப் பார்த்தார். முகம் சிவந்தது. "எதிர்க்கட்சி சதி! ஆட்சியைக் கவுக்க எங்கெல்லாம் கை வெக்கிறானுங்க, பாருங்க!"

நான் வாயைத் திறந்தேன். காத்தாயி பக்கத்தில் வந்து, "சார், சொல்லிப்புடாதீங்க. அறுப்பு முடியட்டும்" என்று முணுமுணுத்தாள்.

"ஆளுங்கட்சி கார்லயே கை வெச்சவன் நம்ம ஊர்க்காரனா இருக்க முடியாது" என்றார் மிராசு. "உங்களைப் போய்ச் சந்தேகப்பட்டுட்டேனே, காத்தாயி! கேட்டதைத் தந்துடறேன், எறங்குங்க." இது தம் கட்சியின் சாதனை என்று செயலாளர் அங்கேயே ஒரு சொற்பொழிவு ஆற்றினார்.

நெல் களம் ஏறிய பிறகுதான் மழை கொட்டியது. மழை விட்டதும் காத்தாயி ஒரு போல்ட்டோடு வந்தாள். "வரப்பு ஓரமாக் கெடந்துச்சுங்கய்யா" என்றாள். மிராசு அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். போல்ட் ஓட்டைக்குச் சிறிசு. நூல் சுற்றி மாட்டினார். அன்று முதல் கார் வருவதற்கு முன்பே அந்தப் போல்ட்டின் கடகட சத்தம் வந்துவிடும்.

ஒருநாள் காரில் போகும்போது என்னிடம் சொன்னார்: "வாத்தியாரே, இது நம்ம போல்ட்டு இல்ல. புதுசு. திருவாரூர்ல வாங்கியிருக்கா. பாவம், மனசு வெச்சுக் கொண்டாந்திருக்கா. அவகிட்ட சொல்லிப்புடாதீங்க."

இருவர் சொன்னதையும் காப்பாற்றினேன். இன்று அவரும் இல்லை, அவளும் இல்லை. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். எங்கேயாவது ஒரு பழைய கார் கடகடவென்று போனால், அவராக இருக்கக் கூடாதா என்று இன்னும் தெருவுக்கு ஓடி வருகிறேன்.