தலைவர்கள் தூக்காத மேசை

நாட்டில் தலைவர்களுக்குப் பெரும் தட்டுப்பாடு ஏற்பட்டிருப்பதை உணர்ந்து, எங்கள் ஊர்க் கல்லூரி 'நிறுவனத் தலைமை' என்றொரு பட்டப்படிப்பைத் தொடங்கியது. நான் வேலை பார்த்த கிடங்கில் ஒரு மூட்டைக்கு மூன்று மேனேஜர்கள் இருந்தார்கள். அதனால் தட்டுப்பாடு எந்தப் பக்கம் என்று எனக்குப் பிடிபடவில்லை. அதில் ஒருவன், நான் கொட்டாவி விட்டதற்கு எழுத்துமூலம் விளக்கம் கேட்டவன். அவன் நன்றாக இருக்கட்டும். ரொம்ப நன்றாக இருக்க வேண்டாம்.

என் தம்பி மகள் பொடிசுக்கு அந்தப் படிப்பில்தான் இடம் கிடைத்தது. முதல் செமஸ்டர் பாடங்களை அன்று மாலைக்குள் தேர்ந்தெடுத்துத் துறைத் தலைவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். தவறினால் இடம் போய்விடும். தம்பிக்கு அவன் மேனேஜர் லீவு தரவில்லை. நான் துணைக்குப் போனேன்.

"சார், முதல் செமஸ்டர்ல என்னென்ன பாடம் எடுக்கணும்?" என்று கேட்டாள் பொடிசு.

துறைத் தலைவர் பேனாவை மூடி வைத்தார்.

"கேக்கறியேம்மா. தலைவர்னா கேக்கக் கூடாது, சொல்லணும்."

"சரி சார்."

"பாத்தியா, நான் சொன்னதும் சரிங்கறே. கீழ்ப்படிதல். முதல் செமஸ்டர்லயே இது நல்லதில்ல."

"அப்போ முடியாது சார்."

"அதையும் நான் சொன்ன பிறகுதானே சொல்றே."

"பொண்ணு வேற எப்படித்தான் சார் வாயைத் திறக்கறது?" என்றேன்.

"நீங்க யாரு?"

"பெரியப்பா."

"துணையோட வந்திருக்கா. அதையும் குறிச்சுக்கறேன்."

பிறகு மனமிரங்கிப் பாடங்களைச் சொன்னார். 'தொலைநோக்கு', 'தொலைநோக்கை அறிவித்தல்', 'பிறரை வேலை வாங்குதல் – செய்முறை'.

"வேலை செய்யறது எந்த செமஸ்டர்ல சார்?"

"இது உயர்கல்விங்க" என்றார் வருத்தத்தோடு.

பொடிசுக்கு என்ன குறை என்று அவளே உணரட்டும் என, செய்முறை வகுப்புக்கு எங்களை அழைத்துப் போனார். வகுப்பு வாசலில் ஒரு பெரிய மேசை குறுக்கே கிடந்தது. அதை ஜன்னலோரம் நகர்த்துவதுதான் பாடம். காலையிலிருந்து எல்லோரும் நகர்த்திக்கொண்டிருந்தார்கள், வாயால். "தூக்குங்க" என்று ஒருவன் ஆணையிட, "நீங்க தூக்குங்க" என்று இன்னொருத்தி பொறுப்பைப் பகிர்ந்தளித்தாள். ஒருவன் ஜன்னலோரம் மேசை இருக்கும் எதிர்காலத்தைக் கரும்பலகையில் வரைந்தான். இன்னொருவன் மேசையைத் தட்டிக்கொடுத்து, "உன்னால முடியும்" என்று ஊக்கமளித்தான். உள்ளே மாட்டிக்கொண்ட பேராசிரியர், சாப்பாட்டுக்காவது வெளியே விடச் சொல்லித் தொலைநோக்கோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெரியப்பா, அந்தப் பக்கம் பிடிங்க" என்றாள் பொடிசு.

பிடித்தேன். மேசை ஜன்னலோரம் போய்ச் சேர்ந்தது. பேராசிரியர் ஓடியே போய்விட்டார்.

துறைத் தலைவர் கண்கலங்கினார். நுழைவுத் தேர்வில், சொன்னதைக் கேட்கும் சுபாவம் உள்ளவர்களை எல்லாம் கவனமாகக் கழித்துவிட்டார்களாம். இப்போது வேலை வாங்கிப் பழக ஓர் ஆள்கூட இல்லை. "பின்பற்றுநர் ஒதுக்கீட்டில் உனக்கு இடம் உறுதிம்மா" என்றார்.

உடனே மொத்த வகுப்பும் பொடிசை வேலை வாங்கப் பாய்ந்தது.

"தள்ளாதீங்க. வரிசையா நில்லுங்க" என்றாள்.

நின்றார்கள்.

"பேசக் கூடாது."

பேசவில்லை.

"சார், நீங்க இதுல கையெழுத்து போட்டுட்டுக் கடைசியில போய் நில்லுங்க."

போட்டுவிட்டுப் போய் நின்றார். நின்ற பிறகுதான் அவருக்கு விதி ஞாபகம் வந்தது. சொன்னதைக் கேட்டவர் தலைவர் இல்லை. ஆக, அந்த அறையில் படிப்புக்குத் தகுதியானவள் ஒருத்திதான்.

வரிசையின் முன்னால் நின்றவன் மெதுவாகக் கேட்டான்: "அக்கா, அப்போ நாங்க எந்தப் பாடம் எடுக்கணும்?"

"நாளைக்கு வாங்க, சொல்றேன்."

திரும்பும்போது பஸ்ஸில் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மேனேஜர் கூட்டத்தையே ஒரு பிடி பிடித்துவிட்டாள் எங்கள் வீட்டுப் பெண். அவள் தன் தொலைநோக்கை விளக்கிக்கொண்டே வந்தாள். எனக்கு அசதி. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"பெரியப்பா, நான் பேசிட்டிருக்கும்போது ஏன் கொட்டாவி?"

"மேசை கொஞ்சம் கனம்மா" என்று விளக்கம் கொடுத்தேன்.

"பரவாயில்ல. நாளைக்கு அதைத் திரும்ப வாசல்ல போடணும். செய்முறை இருக்கு."

"எத்தனை மணிக்கு வரட்டும்?" என்று கேட்டேன்.