கத்தரிப்பூ கோட்டும் மாம்பழ மஞ்சளும்

இனிமேல் மனைவியின் புடவைக்கு மேட்சாகச் சட்டை போடுவதில்லை என்று பாலசுப்ரமணியன் முடிவு செய்தார். கராஜில் நின்றுகொண்டு முடிவை வாய்விட்டே சொன்னார். கேட்டது புல் வெட்டும் மெஷின் மட்டும். அது எதிர்த்துப் பேசவில்லை. அந்த வீட்டில் அவருக்கு அப்படி மரியாதை கிடைக்கிற இடம் அது ஒன்றுதான்.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. அவர்கள் குடியிருக்கிற டெக்சாஸ் காப்பெலில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் வசந்தாமணி முதலில் தன் புடவையை முடிவு செய்வாள். அடுத்து அதே நிறத்தில் மகள் வெண்பாவுக்கு ஒன்று. மிச்சமிருக்கிற துணியில் கணவருக்கு ஒரு குர்தா. போன மாதம் ஒரு நண்பரின் கிரகப்பிரவேசத்துக்கு மூவரும் ராமர் பச்சையில் போய் இறங்கினார்கள். அன்றைக்குக் கேட்டரிங் பையன்களின் யூனிஃபார்மும் ராமர் பச்சைதான். பந்தியில் ஒரு பெரியவர் பாலுவைப் பார்த்து, "தம்பி, இங்க பாயசம் வரல" என்றார். பாலு விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் பக்கத்தில் இருந்தவரும் டம்ளரை நீட்டிவிட்டார். ஆபீஸில் ஒரு டீமையே கட்டி மேய்க்கிற மனிதர், வேறு வழியில்லாமல் வாளியைத் தூக்கினார். இரண்டாவது சுற்றுக்கும் அவரையே கூப்பிட்டார்கள். நன்றாகப் பரிமாறுகிறாராம்.

அந்தக் காயம் ஆறுவதற்குள் சீனியர் போர்ட்ரெய்ட் வந்துவிட்டது. வெண்பாவுக்கு ஹைஸ்கூலில் இது கடைசி வருஷம். கடைசி வருஷத்துப் பிள்ளைகளை ஸ்டூடியோவில் உட்காரவைத்துப் படம் பிடித்துப் பள்ளிக்கூடத்து இயர்புக்கில் போடுவது இந்த ஊர் வழக்கம். பிடித்த உடைகளை எடுத்துக்கொண்டு போய் மாற்றி மாற்றி எடுத்துக்கொள்ளலாம். கடைசியில் குடும்பமும் கூட நின்றுகொள்ளலாம். இந்த "கூட நின்று" என்ற இடத்தில்தான் பாலுவுக்கு இடித்தது. ஏனென்றால் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பார்சல் வந்திருந்தது. மாம்பழ மஞ்சளில் ஒரு பட்டுப்புடவை, ஒரு பாவாடை தாவணி, ஒரு குர்தா. மூன்றுக்கும் ஒரே அரக்கு பார்டர்.

"ஏனுங்க, ஒருதரம் போட்டுப் பாருங்களேன்."

"மாட்டேன்."

"அளவு சரியா இருக்குதான்னு பாக்கத்தான்."

"சரியா இருந்தாலும் மாட்டேன். சரியா இல்லேன்னாலும் மாட்டேன்."

"அப்புறம் யாரு போடறது? ஃபோட்டோகிராஃபரா?"

"அவரு போட்டா எனக்கு ஆட்சேபணை இல்ல. ஒரு மனுசனுக்குத் தனக்குன்னு ஒரு கலர் வேண்டாமா வசந்தா?"

"உங்களுக்குன்னுதான் ஒரு கலர் இருக்குதே. க்ளாசெட்ல தொங்குது. அதைப் போட்டுட்டு நீங்க நின்ன அழகை மண்டபமே பார்த்துச்சு."

பேச்சு க்ளாசெட்டில் தொங்கும் கோட்டுக்குத் திரும்பியதும் பாலு குர்தாவை மடித்துப் பார்சலுக்குள்ளேயே வைத்தார்.

அது அவருடைய கல்யாண ரிசப்ஷன் கோட். கத்தரிப்பூ நிறம், பித்தளை பட்டன், இரண்டு தோளிலும் தலையணைக்குப் பஞ்சு வைத்த மாதிரி ஒரு புடைப்பு. துணியைக் கடையில் போய் அவரே எடுத்தார். தன் உடுப்பைத் தானே தேர்ந்தெடுத்தது அவர் ஆயுளில் அந்த ஒரு தரம்தான். அதைப் போட்டுக்கொண்டு ராஜா மாதிரி மேடையேறினார். அப்போது மணப்பெண் தன் அக்காவிடம், "பேண்ட் வாத்தியக்காரரு எதுக்கு மேல வந்து நிக்கறாரு?" என்று கிசுகிசுத்தாள். பாட்டுக்காரரின் மைக் பக்கத்தில் இருந்தது. கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

அன்று தொடங்கிய சண்டை. ஒவ்வொரு முறை வீடு மாறும்போதும் அவள் அதை டொனேஷன் பையில் போடுவாள். அவர் பையைத் திறந்து மீட்டுக்கொண்டு வருவார். வயிறு வளர்ந்து பட்டன் போட முடியாமல் போனபிறகும் அதை விடவில்லை. க்ரீன் கார்டு வேண்டும் என்றுகூட அவர் சாமியிடம் இந்தக் கோட்டுக்காக உருகிய அளவு உருகியதில்லை. இந்தக் கோட் நன்றாக இருக்கிறது என்று உலகத்தில் ஒரே ஒரு ஆள் சொன்னால் போதும் என்பதுதான் அவருடைய நெடுநாள் ஆசை.

சனிக்கிழமை காலையில் அந்த ஆள் மாடிப்படியில் இறங்கி வந்தாள். வெண்பா. உடம்பில் கத்தரிப்பூ கோட். கையை முழங்கை வரை மடித்துவிட்டிருந்தாள்.

"அப்பா, திஸ் இஸ் சோ வின்டேஜ். என் சீனியர் போர்ட்ரெய்ட்டுக்கு ஐ வான்ட் திஸ். ப்ளீஸ்?"

பாலுவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கவும் அவருக்குத் தோன்றவில்லை.

"நெசமாவா கண்ணு? நல்லா இருக்குதா?"

"த ஷோல்டர்ஸ் ஆர் இன்சேன்."

அது பாராட்டா வசவா என்று அவருக்கு விளங்கவில்லை. பாராட்டு என்றே வைத்துக்கொண்டு நேராக அடுப்படிக்குப் போனார். வசந்தாமணி தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"வசந்தா, இயர்புக்ல வெண்பா என் கோட்டைத்தான் போடப்போறா."

கரண்டி நின்றது. "எந்தக் கோட்டை?"

"நீ பேண்ட் வாத்தியம்னியே, அதே கோட்டை."

"விளையாடாதீங்க. ஸ்கூல் பூராவும் பாக்கற புஸ்தகம். எம் பொண்ணு அதுல கத்தரிக்கா மாதிரி உக்காந்திருக்கோணுமா?"

"கத்தரிக்கா இல்ல, கத்தரிப்பூ. அவளுக்குப் புடிச்சிருக்கு. வின்டேஜ்ங்கறா."

"அவ சின்னப்புள்ள."

"அடுத்த வருசம் காலேஜ் போறா. இதபாரு, இயர்புக்கு டிரஸ் விஷயத்துல நீ தலையிடக் கூடாது. ஒரு வார்த்தை பேசக் கூடாது. சொல்லிட்டேன்."

இப்படி ஒரு குரல் தனக்குள் இருப்பது பாலுவுக்கே புதிது. வசந்தாமணி தோசையைத் திருப்பிப் போட்டாள். நெடுமூச்சு விட்டாள். முந்தானையால் நெற்றியைத் துடைத்தாள். தோற்றுப்போன முகம் எப்படி இருக்கும் என்று பாலு அதுவரை அந்த வீட்டில் கண்ணாடியில் மட்டுமே பார்த்திருந்தார்.

"சரிங்க. இயர்புக்கு டிரஸ்ல நான் வாயே தொறக்கல. ஆனா மத்த போட்டோ எல்லாம் நான் சொல்றதுதான்."

"மத்ததுன்னா?"

"அவ பாவாடை தாவணி. அப்புறம் ஃபேமிலி போட்டோ."

"அதுல நானுமா?"

"நீங்க ஃபேமிலி இல்லீங்களா?"

பாலு கணக்குப் போட்டார். மஞ்சள் குர்தா கொஞ்ச நேரக் கஷ்டம். ஹாலில் மாட்டினாலும் பார்க்கப்போவது வீட்டுக்கு வருகிற நாலு பேர். இயர்புக் அப்படியா? அச்சில் ஏறிவிட்டால் டெக்சாஸ் உள்ள வரைக்கும் இருக்கும். பாவம், இவளுக்குப் பேரம் பேசத் தெரியவில்லை.

"சம்மதம். ஆனா நீ பேச்சு மாறக் கூடாது."

"நான் மாற மாட்டேன். நீங்களும் மாறக் கூடாது."

வெற்றிச் செய்தியைச் சொல்லாவிட்டால் தோசை செரிக்காது போலிருந்தது. வாசலுக்குப் போனார். பக்கத்து வீட்டு ஜார்ஜ் குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டிருந்தார். தூத்துக்குடிக்காரர், பிள்ளைகள் இன்னும் எலிமென்டரி ஸ்கூலில். நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு அவர் தொட்டியை நிறுத்தினார்.

"அக்கா உடனே சரின்னுட்டாங்களா?"

"உடனேதான்."

"என் வீட்ல ஜெயலீலா எதுக்காவது சட்டுனு சரின்னு சொன்னா, நான் அன்னைக்குப் பூரா தண்ணியக்கூட மோந்து பாத்துதான் குடிப்பேன்."

"உங்க வீடு வேற ஜார்ஜ். தைரியமா ஒருதரம் பேசிப் பாருங்க. அப்ப தெரியும்."

ஜார்ஜ் மரியாதையாகத் தலையாட்டிவிட்டுத் தொட்டியை உருட்டிக்கொண்டு போனார். பாலு அந்த வாரம் முழுக்கக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தார். கோட்டை டிரைக்ளீனிங் கொடுத்து வாங்கினார். பித்தளை பட்டனுக்கு எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தார். குத்துவிளக்குக்குக்கூட அந்த வீட்டில் அப்படி ஒரு தேய்ப்பு கிடைத்ததில்லை.

ஸ்டூடியோவுக்கு மூவரும் மஞ்சளில்தான் புறப்பட்டார்கள். வெண்பா தாவணிக்கு மேல் கோட்டைப் போட்டுக்கொண்டாள். குர்தா கழுத்தை அறுத்தது. பாலு பொருட்படுத்தவில்லை.

ஃபோட்டோகிராஃபர் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. "இயர்புக் படத்தை முதலில் முடித்துவிடலாம்" என்று ஆங்கிலத்தில் சொல்லி வெண்பாவை ஒரு திரைக்குப் பின்னால் கூட்டிப்போனாள். வெளியே வந்தபோது வெண்பாவின் தோளில் கோட் இல்லை. கருப்பு வெல்வெட் துணி ஒன்றைத் தோள் தெரியச் சுற்றியிருந்தாள்.

பாலு பதறி எழுந்தார். "கோட் எங்க? வேர் இஸ் த கோட்?"

அந்த அம்மாள் சிரித்த முகத்தோடு சொன்னாள். இயர்புக் படத்துக்குப் பெண்பிள்ளைகள் எல்லோருக்கும் இதே கருப்புத் துணிதானாம். பையன்கள் எல்லோருக்கும் ஸ்டூடியோவே கருப்பு டக்ஸீடோ கோட் மாட்டிவிடுமாம். பள்ளிக்கூடத்து விதி. சொந்த உடுப்பெல்லாம் வீட்டுக்கு எடுத்துப்போகிற படங்களுக்குத்தான்.

பாலு மெதுவாக மனைவி பக்கம் திரும்பினார்.

"உனக்கு இது தெரியுமா?"

"ஸ்கூல்ல இருந்து மெயில் வந்துச்சுங்களே. ரெண்டு பேருக்கும்தான் வருது. நீங்க படிக்கலீங்களா?"

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"இயர்புக்கு டிரஸ் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாதுன்னு நீங்கதான் சொன்னீங்க. நான் வாக்குக் கொடுத்தா மீற மாட்டேன்."

பாலு ஃபோனைத் திறந்து பார்த்தார்; மெயில் படிக்கப்படாமல் அங்கேயே இருந்தது. ஆனால் அவர் முழுசாகச் சாய்ந்துவிடவில்லை. அடுத்த படத்துக்கு வெண்பா கோட்டைப் போட்டுக்கொண்டு, காலரைத் தூக்கிவிட்டு நின்றாள். ஃபோட்டோகிராஃபர் அம்மாள், "லவ் த ஜாக்கெட்" என்றாள். மூன்றாம் மனுஷி. சொந்தக்காரியும் இல்லை, வேண்டியவளும் இல்லை. பாலுவுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. மனைவியை ஒரு பார்வை பார்த்தார். அவள் தன் புடவை மடிப்பைச் சரி செய்துகொண்டிருந்தாள்.

கடைசியாகக் குடும்பப் படம். மூன்று மஞ்சளும் அரக்கு பார்டரும் வரிசையாக நின்றன. ஃபோட்டோகிராஃபர் லென்ஸைத் திருகுகிற இடைவெளியில் பாலு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, பக்கத்தில் நின்ற மனைவிக்குக் கேட்கும்படி சொன்னார்.

"இயர்புக்கு போனா போகட்டும் வசந்தா. வீட்ல அத்தனை துணி கெடக்க, எம் பொண்ணு தானா தேடிப்போய் அந்தக் கோட்டை எடுத்தா பாரு. அந்த ரசனை எங்கிருந்து வந்துச்சுன்னு யோசிச்சுக்கோ."

அந்தப் பக்கம் நின்ற வெண்பா, கேமராவைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு கலையாமல், அபூர்வமாக முழுக்க முழுக்கத் தமிழிலேயே சொன்னாள்.

"நான் எங்க தேடுனேன்ப்பா? அந்தக் கோட் வேணும்னு கேளு, அப்பா மஞ்ச குர்தா போட்டுக்குவாருன்னு அம்மாதான் எடுத்துக் குடுத்தாங்க."