தனி ஆள் பிரிவு

“குடும்பம் எங்க அண்ணாச்சி?” என்று ஜாஸ்பர் கேட்டான்.

தில்லைநாயகம் திரும்பிப் பார்த்தார். ஏழு பேர் உட்காரும் டீசல் வண்டியில் அவரைத் தவிர யாரும் இல்லை. அது தெரிந்த விஷயம்தான். இருந்தாலும் இன்னொரு தடவை பார்த்துக்கொண்டார்.

“பின்னால வாராவ,” என்றார்.

“எதுல?”

“பஸ்ல.”

ஜாஸ்பர் வண்டியைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். “இவ்வளவு பெரிய வண்டிய வச்சிக்கிட்டு அவங்கள பஸ்லயா வரச் சொன்னீங்க?”

“அவளுக்குப் பஸ்னா உயிரு,” என்றார் தில்லைநாயகம். ஒரு பொய்க்கு முட்டுக்கொடுக்க இன்னொரு பொய் எப்போதும் தயாராக இருக்கிறது.

சீவலப்பேரி சாலையை ஒட்டிய பொட்டல் மைதானத்தில் ஜாஸ்பர் நடத்தும் கார்ப் பந்தயம் அது. ஆரஞ்சு நிறக் கூம்புகளை வளைத்து வளைத்து வைத்திருப்பார்கள். ஒவ்வொரு வண்டியாக விடுவார்கள். கூம்பை இடிக்காமல் யார் சீக்கிரம் சுற்றி வருகிறாரோ அவருக்குக் கோப்பை. வீட்டு வண்டிகளுக்கென்று தனியாகக் குடும்பப் பிரிவு உண்டு. அதில் ஓட்ட வேண்டுமானால் வீட்டு ஆட்கள் இரண்டு பேராவது கூட உட்கார வேண்டும்.

“வரலைன்னா பரவாயில்ல அண்ணாச்சி. தனி ஆள் பிரிவுல ஓட்டிருங்க. அதுல என்ன இருக்கு?” என்றான் ஜாஸ்பர்.

அதில் என்ன இருக்கிறதென்று அவனுக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு வண்டி கிளம்பும்போதும் மைக்கில் பெயரையும் பிரிவையும் சொல்கிறார்கள். சற்று முன் “ரசீத், தனி ஆள்!” என்று அலறியபோது இருபது வயது ரசீத் மீசையை முறுக்கினான். அறுபது தாண்டியவர் அப்படி முறுக்க முடியாது. “தில்லைநாயகம், தனி ஆள்” என்பது அவர் தெருவுக்கே தெரிந்த செய்திதான். ஆனால் இதுவரை யாரும் அதை மைக் வைத்துச் சொன்னதில்லை. அதை மட்டும் அவரால் தாங்க முடியாது.

மனைவி பிரம்மநாயகி, பேரனைப் பார்த்துக்கொள்ள பெங்களூரில் மகள் பிருந்தா வீட்டுக்குப் போனவள். போகும்போது ஒரு மாதம் என்றாள். பேரன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். மகன் சுந்தர் கனடாவில் இருக்கிறான். எல்லாரும் வந்தால் ஒரே வண்டியில் போகலாம் என்று வாங்கிய வண்டி இது. எல்லாரும் இன்னும் வரவில்லை. பாட்டரி இறங்கிவிடக் கூடாதே என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் அம்பாசமுத்திரம் வரை ஓட்டிப்போய் ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்புவார். பின்சீட்டு பெல்ட்டுகள் ஆடிச் சத்தம் போடும் என்பதால், ஆள் இல்லாமலேயே அவற்றைப் பூட்டி வைத்திருப்பார்.

பந்தயத்துக்குப் பேரனோடு வருவதாகத்தான் பிரம்மநாயகி சொல்லியிருந்தாள். நேற்று மாலை போன் வந்தது. “பேரனுக்குக் காய்ச்சலுங்க. நீங்க மட்டும் போய்ட்டு வாங்க. பைய ஓட்டுங்க, என்ன?”

பந்தயத்துக்குப் போகிறவரிடம் மெதுவாக ஓட்டச் சொன்னதை நினைத்து இப்போது சிரிக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. வண்டியை ஓரமாக விட்டுவிட்டு, குடும்பம் தேடி வெளியே வந்தார்.

பஸ் நிறுத்தத்தில் ஒரே ஓர் ஆள்தான் இருந்தார். மடியில் வயர் கூடை. கூடைக்குள்ளிருந்து ஒரு சேவல் தலையை நீட்டி அவரை முறைத்தது.

“எங்க போறீரு?”

“சீவலப்பேரி மாடன் கோயிலுக்கு. சேவல் நேந்திருக்கேன். பஸ்ஸத்தான் காணும்.” அவர் பெயர் ஐயம்பெருமாள்.

“நான் வண்டியில கொண்டு விடுதேன். அதுக்கு முன்னால இந்த மைதானத்துல ஒரு சுத்து சுத்தணும். யாராவது கேட்டா நீரு எனக்கு மச்சினன்.”

ஐயம்பெருமாள் கொஞ்சம் யோசித்தார். “அக்கா புருசனா, தங்கச்சி புருசனா?”

“உம்ம இஷ்டம்.”

“அக்கா புருசனாவே இரும்.”

ஒருவர் கிடைத்தாயிற்று. இன்னொருவருக்காக மைதானத்துக்குள் கண்ணை ஓட்டினார். வாசலருகே மஹ்மூதா பீவி நன்னாரி சர்பத் விற்றுக்கொண்டிருந்தாள். ஐம்பது வயது இருக்கும். அவளிடம் போனார்.

“ஒரு உதவிம்மா… தப்பா நெனைக்கக் கூடாது… வண்டியில கூட வர ஆளில்ல…”

“அக்காவா, தங்கச்சியா?” என்று கேட்டாள், ஐஸ் போடவா வேண்டாமா என்று கேட்கிற மாதிரி.

“தங்கச்சி,” என்றார் தில்லைநாயகம். இவ்வளவு சுலபமாக ஒரு தங்கச்சி கிடைப்பாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

“சம்சாரம்னு மட்டும் சொல்லிரக் கூடாது. முடிஞ்சதும் ஆளுக்கொரு சர்பத் குடிக்கணும்.” பாத்திரத்தை மூடிவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

வண்டியருகே வந்ததும் ஐயம்பெருமாள் முரண்டு பிடித்தார். “ஆக மொத்தம் மூணு பேரா? மூணு பேரா கெளம்பினா காரியம் வெளங்காது வே. நான் வரல.”

“நாலாவது ஆளுக்கு எங்க போவேன்?”

“மூணு பேரா போகும்போது ஒரு கல்ல எடுத்து நாலுன்னு கணக்கு வைக்கிறதில்லையா? நம்ம சேவல வச்சிக்கிடுவோம்.”

இப்படியாகச் சேவலும் குடும்பத்தில் சேர்ந்தது.

ஜாஸ்பர் சோதிக்க வந்தான். வண்டி ஓட்டுகிறவரின் நெற்றியில் பட்டையாக விபூதி. பக்கத்து சீட்டில் முக்காடு.

“இவங்க?”

“தங்கச்சி.”

“பேரு?”

“பிரம்மநாயகி,” என்று தில்லைநாயகமும், “மஹ்மூதா பீவி,” என்று அவளும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். பதற்றத்தில் அவர் நாக்குக்கு வேறு பெயர் வரவில்லை.

“ஒண்ணு வீட்டுல கூப்பிடுத பேரு,” என்று பின்னாலிருந்து மச்சினன் கைகொடுத்தார்.

ஜாஸ்பர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. “சரி. சேவல எறக்குங்க. கட்டாத சாமான் எதுவும் உள்ள இருக்கக் கூடாது.”

“சாமானா? இது சாமிக்கு நேந்தது! எறக்கினா நாங்க மூணு பேராயிருவோம்.”

கடைசியில் கூடைக்கும் பெல்ட் போட்டார்கள். மற்றவர்களுக்கு ஹெல்மெட் கொடுத்தார்கள். அவர்களுக்கு எதிரே ஓரமாக ஒரு சிவப்பு வண்டி நின்றது. அதன் சொந்தக்காரர் சத்தியநேசன் காலையில் குடும்பத்தோடு ஓடி முடித்திருந்தார். நாலு ஹெல்மெட்டும் குலுங்கக் குலுங்கச் சிரித்தபடி போனதைத் தில்லைநாயகம் பார்த்திருந்தார். சத்தியநேசனின் நேரத்தை இதுவரை யாரும் முந்தவில்லை. அந்த நேரத்தின் மேல் தில்லைநாயகத்துக்குப் பொறாமை இல்லை. அந்தச் சிரிப்பின் மேல்தான்.

“தில்லைநாயகம்! குடும்பப் பிரிவு!” என்று மைக் முழங்கியது. ஹெல்மெட்டுக்குள் அவருக்குக் கண் கரித்தது.

டீசல் வண்டி சட்டென்று பாயாது. ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் கிளம்பும். முதல் வளைவில் வண்டி இடப்பக்கம் சாய, மஹ்மூதா பீவி “யா அல்லாஹ்!” என்றாள். இரண்டாவது வளைவில் வலப்பக்கம் சாய, ஐயம்பெருமாள் “மாடா, காப்பாத்து!” என்றார். மூன்றாவது வளைவில் கூடையின் வாய்க்கட்டு அவிழ்ந்துகொண்டது. சேவல் பறந்து வந்து ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்து, அவர் முகத்துக்கு நேராகக் கூவியது.

கூம்புகள் டப் டப்பென்று விழுந்தன.

“சீவலப்பேரிக்கு ஏன்வே இப்படிச் சுத்திப் போறீரு?” என்று கத்தினார் ஐயம்பெருமாள்.

“அண்ணாச்சி, ரோட்டப் பாருங்க! கோழியப் பாக்காதீங்க!” என்று மஹ்மூதா பீவி சேவலைப் பிடிக்கப் போய், ஹார்னை அமுக்கினாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பின்னால் மச்சினனும் சிரித்தார். தில்லைநாயகம் சிரித்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. தொண்டையில் ஏதோ சிக்கியது போலத் தொடங்கி, அப்புறம் நிற்கவே இல்லை. வண்டி வாங்கியதிலிருந்து அதற்குள் இத்தனை சத்தம் கேட்டதில்லை.

முடிவுக் கோடு வந்தது. அவர் நிறுத்தவில்லை. நிறுத்தினால் இவர்கள் இறங்கிவிடுவார்கள்.

“அண்ணாச்சி, முடிஞ்சிட்டு! நிப்பாட்டுங்க!” என்று மைக் கெஞ்சியது. இன்னொரு சுற்று சுற்றி, மிச்சமிருந்த கூம்புகளையும் சாய்த்துவிட்டுத்தான் நிறுத்தினார். கடைசி இடம் என்று அறிவித்தார்கள். அவர் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை.

“அத்தான், இனியாவது கோயிலுக்குப் போவமா?” என்றபடி ஐயம்பெருமாள் சேவலைப் பிடிக்கக் கீழே இறங்கினார்.

அப்போது சத்தியநேசன் ஜன்னலருகே வந்து கைகொடுத்தார். “இங்கன வரைக்கும் உங்க சிரிப்புக் கேட்டுச்சு. இப்படி ஒரு குடும்பம் அமைய குடுத்து வச்சிருக்கணும் அண்ணாச்சி.” குரலில் கேலி இல்லை. சொல்லிவிட்டுத் தன் வண்டியைப் பார்க்கத் தனியாக நடந்துபோனார்.

தில்லைநாயகம் பக்கத்து சீட்டின் பக்கம் குனிந்து, “தாயி, நீங்க என் தங்கச்சி இல்லன்னு அவருகிட்ட மட்டும் சொல்லிராதீங்க. குடும்பமா வந்த மனுசன். தெரிஞ்சா என்னப் பாத்துச் சிரிப்பாரு,” என்றார்.

மஹ்மூதா பீவி ஹெல்மெட்டைக் கழற்றி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

“அவரு எப்படிச் சிரிப்பாரு அண்ணாச்சி? காலையில அவரு வண்டியில நாந்தான் மாமியாரு.”