சுண்டெலி-1

"அழிக்க இயலாது. இதனுடன் இன்னொரு புரதம் இணைக்கப்பட்டுள்ளது" என்று நாலாவது தடவையாகச் சொன்னது கணினி.

மூத்த தொகுப்பாளருக்கு வியர்த்துக் கொட்டியது. செல்லுக்குள் எந்தப் புரதம் எதற்குச் சேதி சொல்கிறது என்று ஆராய்ச்சிக்காரர்கள் தேடிப் பார்க்கும் இணையத் தரவுத்தளம் அது. அதில் இருபத்திரண்டு வருடங்களாக ஒரு பொய்ப் புரதம் குடியிருக்கிறது. குடிவைத்த புண்ணியவான் அவரேதான். ஆதாரக் கட்டுரை இல்லாத பதிவுகளை நாளையிலிருந்து இயக்குநர் சல்லடை போட்டுச் சலிக்கப் போகிறார்.

பெயர்: சுண்டெலி-1. பணி: அருகில் வந்தால் இதயத் துடிப்பைக் கூட்டும்.

பக்கத்து மேசையில் இழுப்பறைக்குள் பிஸ்கட்டை ஒளித்துவைத்துக் கொறித்த பெண்ணை அலுவலகமே அப்படித்தான் கூப்பிட்டது. தொட்டி மாதிரிக் கணினிகள், கட்டுக்கட்டாய் அச்சுக் கட்டுரைகள், காதில் செருகிய பென்சில். என்ன நாட்கள் அவை! நேரில் சொல்லத் துணிச்சலில்லாமல் இங்கே எழுதி வைத்தார். அவர் வாழ்நாளில் எழுதிய ஒரே காதல் கடிதம். கடைசியில் அவளேதான் வந்து, "என்னைக் கட்டிக்கிறீங்களா?" என்றாள். வீட்டில் இன்றைக்கும் அதையே சொல்லிக் குத்திக் காட்டுகிறாள்.

அழிக்க முடியாததால் 'பிழை' என்று குறித்தார். முந்நூறு ஆய்வகங்களுக்கு எச்சரிக்கை மின்னஞ்சல் பறந்தது. பதறிப்போய், "பிழை இல்லை" என்று திருத்தினார். புதுத் திருத்தமாயிற்றே, சுண்டெலி முகப்புப் பக்கத்திலேயே ஏறி உட்கார்ந்துகொண்டது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான்.

இயக்குநர் கூப்பிட்டார்.

"யார் சார் இதைப் போட்டது?"

"நான்தான் மேடம். சின்ன வயசு... அசட்டுத்தனம்."

"சரி. இதோட இணைச்சிருக்கிற ஊமைக்கோட்டான்-1?"

"அது நான் போடலையே!"

இயக்குநர் திரையைத் திருப்பினார். 'பணி: உள்ளுக்குள் துடிக்கும், வாய் திறக்காது. சுண்டெலி-1க்கும் இதே துடிப்பு.' தேதி, அவர் எழுதியதற்கு மறுநாள்.

உடனே வீட்டுக்குப் போன் போட்டார். "ஏம்மா, ஊமைக்கோட்டான்னு ஏதாவது..."

"அப்பாடா, இப்பவாவது பார்த்தீங்களே! நீங்க எழுதினதுக்குப் பதில் போட்டு, மூணு மாசம் காத்திருந்து பார்த்துட்டுத்தானே நான் நேர்லயே வந்து கேட்டேன்?"