கட்டிலுக்குப் படுக்கைப்புண்

நாலு பேருக்குப் பொதுவாக ஒரு பொருள் எங்கே இருக்கிறதோ, அங்கே அந்த நாலு பேரிடமிருந்து அதைக் காப்பாற்ற ஐந்தாவதாக ஒருவர் இருப்பார். இவருக்குப் பத்திரப் பேர்வழி என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். இவர் திருடர் அல்ல. சோம்பேறியும் அல்ல, சொல்லப்போனால் ஊரிலேயே அதிகம் உழைப்பவர் இவர்தான். இவர் நூலகத்தில் இருந்தால் எந்தப் புத்தகமும் கிழிந்திருக்காது, ஏனென்றால் எந்தப் புத்தகத்தையும் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் இருந்தால் அலமாரியில் பந்து புதுமெருகோடு இருக்கும். பிள்ளைகள் வெளியே கல்லை உதைத்துக்கொண்டிருப்பார்கள். "எல்லாம் பத்திரமா இருக்கு" என்று சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். கைக்குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு அடிமேல் அடி வைத்து வெளியே வந்தவரைப் போல இருப்பார்.

எங்கள் ஊர்ச் சங்கத்தில் அவர் பெயர் எல்மர் ஃப்ரீசன்.

கனடாவின் மானிடோபாவில் எங்கள் அளவுள்ள ஊரில் சங்கம் இல்லையென்றால் எதுவுமே இல்லை. சறுக்குத் திடலுக்குத் தண்ணீர் ஊற்றி உறையவைப்பதும் சங்கம்தான், இலையுதிர்காலத்தில் ஊர் முழுக்க உட்கார்ந்து வான்கோழியும் பெரோகிக் கொழுக்கட்டையும் சாப்பிடும் விருந்தும் சங்கம்தான், கிறிஸ்துமஸுக்கு ஏழை வீடுகளுக்குப் போகும் கூடையும் சங்கம்தான். ஒருவருக்கும் சம்பளம் கிடையாது. அதனால் ஒருவரையும் வேலையைவிட்டு நீக்கவும் முடியாது. இந்தச் சேவைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இரவல் அறை. காலை உடைத்துக்கொண்டவருக்கு ஊன்றுகோல், நடக்கத் தடுமாறுபவருக்கு வாக்கர், குளியலறைவரை போக முடியாதவருக்குக் கமோடு நாற்காலி. காசு வேண்டாம், எடுத்துப் போ, குணமானதும் கொண்டு வா. முதியோர் இல்லத்தில் முப்பது வருடத்துக்கு மேலாகத் தூக்கி, புரட்டி, துடைத்து வேலை பார்த்தவள் நான். ஒருவர் விழுந்துவிட்டால் ஊரார் ஆளுக்கொரு பாத்திரத்தில் மாக்கரோனி கொண்டுவந்து அடுக்குவார்கள். அத்தனை மாக்கரோனியும் ஒரு நல்ல கமோடு நாற்காலிக்கு ஈடாகாது.

அந்த அறையின் ஒரே சாவி எல்மரின் கழுத்தில் தொங்குகிறது. உள்ளே போனால் சக்கர நாற்காலிகள் வரிசையாக வெள்ளைத் துணி போர்த்தி நிற்கும். வாக்கர்களின் ரப்பர் பாதங்களுக்குப் பிளாஸ்டிக் பை கட்டியிருக்கும். சனிக்கிழமைதோறும் எல்மர் வந்து எல்லாச் சக்கரத்துக்கும் காற்றடிப்பார், துடைப்பார், மறுபடி போர்த்துவார். அவ்வளவு அன்பு. யாராவது ஏதாவது கேட்டு வந்தால்தான் தொல்லை.

"எல்மர், எங்கம்மாவுக்கு ஒரு வாக்கர் வேணுமே."

"எத்தன நாளைக்கு?"

"அவங்க நடக்கிற வரைக்கும்."

"வயசு என்ன?"

"எண்பத்தெட்டு."

"இனிமே நடந்து எங்க போகப் போறாங்க?"

ஈரமில்லாத மனிதர் என்று நினைக்காதீர்கள். அவர் ரப்பர் தேய்மானத்தைக் கணக்குப் போடுகிறார், அவ்வளவுதான். ரொம்பக் கெஞ்சினால் ஒரு கால் ஆடுகிற பழைய வாக்கர் வெளியே வரும். நல்லது ஏன் வரவில்லை? "உண்மையான அவசரம் வந்தா என்ன பண்றது?" உண்மையான அவசரம் எது? யாருக்கும் தெரியாது. ஒரு கால் உடைந்தால் அது அல்ல. இரண்டு காலும் உடைந்தால்? அப்போதும் யோசிக்க வேண்டும்.

மாதக் கூட்டத்தில் எழுந்து நின்று அறிக்கை சொல்வார்: "இந்த மாசமும் எல்லாச் சாதனமும் நல்ல நிலைமைல இருக்கு." கைதட்டுவார்கள்! ஓர் ஆஸ்பத்திரி, 'இந்த மாதமும் நோயாளி யாரையும் சேர்க்கவில்லை, வார்டு பளபளவென்று இருக்கிறது' என்று சொன்னால் நீங்கள் கைதட்டுவீர்களா?

அறையின் மகுடம் பொத்தான் கட்டில். ஒரு பொத்தானை அமுக்கினால் தலைமாடு எழும், இன்னொன்றை அமுக்கினால் கால்மாடு எழும், மூன்றாவதை அமுக்கினால் கட்டிலே ஏறி இறங்கும். யாரோ புண்ணியவான் புதிதாக வாங்கிக் கொடுத்தது. வந்து மூன்று குளிர்காலம் ஆகியும் மெத்தையின் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவில்லை. அதில் ஓர் ஈகூட உட்கார்ந்ததில்லை.

போன ஜனவரியில் நெஸ்டர் ஸவாட்ஸ்கி தன் வீட்டு வாசல் பனியிலேயே வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டார். அறுவை சிகிச்சை முடிந்தது. சில வாரம் கழித்து ஆஸ்பத்திரிக்காரர்கள் அவர் மனைவி ஓல்காவிடம் சொன்னார்கள்: ஏற்றி இறக்கும் கட்டில் வீட்டில் இருந்தால் வெள்ளிக்கிழமை கூட்டிப் போகலாம். இல்லையென்றால் இரண்டு மணி நேரத் தொலைவில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இடம் இருக்கிறது, அங்கே அனுப்பிவிடுவோம். ஓல்காவுக்கு எழுபத்தைந்து தாண்டிவிட்டது. பனி பறக்கும்போது நெடுஞ்சாலையில் வண்டி ஓட்ட மாட்டாள். பனி உருகும்வரை புருஷனைத் தொலைபேசியில்தான் பார்க்க வேண்டும். அந்த வயதில், அந்த நிலையில், அப்படிப்பட்ட இடத்துக்குப் போகிறவர்களில் எத்தனை பேர் தங்கள் வீட்டுச் சமையலறைக்குத் திரும்பி வருகிறார்கள் என்பதை வேலை பார்த்தவளான நான் அறிவேன். அதற்குமேல் சொல்லப் போவதில்லை.

ஓல்கா எல்மரிடம் கட்டிலைக் கேட்டாள். "யோசிச்சுச் சொல்றேன்" என்றார். மறுநாள் கேட்டதற்கு, "அடுத்த கூட்டத்துல வச்சுப் பேசலாம்" என்றார். கூட்டத்துக்கு இரண்டு வாரம் இருந்தது. அவள் நேரே என் வீட்டுக்கு வந்தாள்.

"பெர்னிஸ், அவனெல்லாம் மனுசனா? கட்டில் சும்மா கெடக்கு, பிளாஸ்டிக்கூடப் பிரிக்கல! எம் புருசன் எங்கயோ போய்க் கெடக்கட்டும், கட்டிலுக்கு ஒண்ணும் ஆகிடக் கூடாதாம்! இப்படியும் ஒரு ஜென்மம் பொருளக் கட்டிக்கிட்டு அழுமா?"

"கத்தாத. கோட்டப் போட்டுக்கிட்டு வா."

இந்த இனத்திடம் கத்திப் பயனில்லை. கெஞ்சியும் பயனில்லை, கெஞ்சலை வருடக்கணக்காகக் கேட்டுக் காது மரத்திருக்கும். இவர்களிடம் விசாரிக்க வேண்டிய ஆரோக்கியம் ஒன்றே ஒன்றுதான்.

"எல்மர், கட்டில் எப்படி இருக்கு?" என்று சங்கக் கூடத்தில் அவரைப் பிடித்துக் கேட்டேன்.

அவர் முகம் மலர்ந்தது. இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. "பாக்கறியா?" என்று சாவியைக் கழற்றினார். அறையில் கணப்பு கிடையாது. பேசும்போது வாயிலிருந்து புகை வந்தது. ஒரு துணியை எடுத்தார், அதன்கீழ் இன்னொரு துணி, அதையும் எடுத்தார். "ஒரு கீறல் காட்டு பாப்போம்."

"பொத்தான அமுக்கு."

பிளக்கைச் செருகி அமுக்கினார். கட்டில் உள்ளுக்குள் எங்கோ முனகியது. இரண்டு விரல் உயர்ந்தது. நின்றது. மறுபடி அமுக்கினார். முனகலும் இல்லை.

எல்மரின் முகம் வெளிறியது. அந்த மாதிரி முகங்களை நான் நிறையக் கட்டில்களுக்குப் பக்கத்தில் பார்த்திருக்கிறேன். கட்டிலுக்காகவே அப்படி ஒரு முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

குனிந்து மூட்டைத் தொட்டுப் பார்த்தேன். "படுக்கைப்புண்" என்றேன்.

"என்னது?"

"மனுசன ஒரே பக்கமாப் போட்டு வச்சா வரும்ல, அதான். குளிர்ல எண்ணெய் இறுகி மூட்டு பிடிச்சிருச்சு. யாரு இதப் பாத்துக்கிட்டது?"

"நாந்தான்."

"தெரியுது."

"பிழைக்குமா?"

"டிராக்டர் ரிப்பேர்காரன் நீ. என்னக் கேக்கற?"

எல்மர் கோட்டைக் கழற்றிவிட்டுக் கட்டிலுக்கு அடியில் நுழைந்தார். ஓல்கா டார்ச் பிடித்தாள். நான் கழிவறையிலிருந்து முடி உலர்த்தும் கருவியைக் கொண்டுவந்து கொடுத்தேன். பிடித்த மூட்டைக் காய்ச்சி, எண்ணெய் விட்டு, திட்டி, கொஞ்சி, கடைசியில் ஓடவைத்தார். கெட்டிக்காரர்தான், அதில் சந்தேகமில்லை.

"ஓடுது. ஆனா இங்கயே போட்டா மறுபடி பிடிச்சுக்கும்" என்றார். "என்ன பண்ணலாம்?"

நோயாளியை வீட்டுக்கு அனுப்பும்போது சொல்கிற குரலில் சொன்னேன். "சூடான வீடா இருக்கணும். தெனம் நாலஞ்சு தடவ ஏத்தி இறக்கணும். சும்மா இல்ல, பாரத்தோட. எண்பது கிலோவாவது வேணும்."

அவர் தாடையைச் சொறிந்தார். "மணல் மூட்டை வச்சுரலாமா?"

ஓல்கா வாயைத் திறந்தாள். நான் அவள் பூட்ஸை மிதித்தேன்.

"மூட்டைக்குப் பொத்தான் அமுக்கத் தெரியாதே எல்மர்."

எல்மர் மெத்தையை ஒரு தடவை அமுக்கிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "நெஸ்டர் எத்தன கிலோ இருப்பான்?"

கதை இதோடு முடிந்திருந்தால் நல்ல பெண்மணி ஓல்கா, பொல்லாத மனிதர் எல்மர் என்று நாம் நிம்மதியாகப் போயிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை சங்கத்து ஆட்கள் கட்டிலைக் கம்பளியில் சுற்றி வண்டியில் ஏற்றி ஓல்கா வீட்டு வாசலில் இறக்கினார்கள். முன்னறையில்தான் அது அடங்கும். ஓல்காவின் முன்னறை ஊருக்கே தெரியும். ஜன்னல் வழியாக மட்டும். சோபாவுக்குக் கண்ணாடிப் பிளாஸ்டிக் உறை. கம்பளத்துக்குமேல் நடக்க ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. கண்ணாடி அலமாரிக்குள் தங்க விளிம்பு வைத்த கோப்பைகள். நெஸ்டர் கல்யாணமான நாளிலிருந்து பின்வாசல் வழியாக வந்து சமையலறையில் உட்கார்கிறவர்.

"அங்க வேணாம்" என்றாள் ஓல்கா. "சமையல்கட்டுல ஒடுக்கிப் போடுங்க."

"அங்க போட்டா கதவு தெறக்காதும்மா" என்றேன்.

"கம்பளத்துல சக்கரத் தடம் விழும் பெர்னிஸ். நல்ல ரூம் அது. நாளைக்கு முக்கியமானவங்க யாராவது வந்தா என்ன பண்றது?"

நான் அவளைப் பார்த்தேன். எல்மரும் அவளைப் பார்த்தார், திருவிழாவில் தொலைந்துபோன தங்கையைக் கண்டவரைப் போல.

"சரியாச் சொன்ன ஓல்கா" என்றார்.

எலும்புவரை உறைகிற குளிரில் கட்டில் வாசற்படியில் நிற்கிறது. மோட்டார் போச்சே என்று இவர். கம்பளம் போச்சே என்று அவள். அந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரி வண்டியும் வந்து நின்றது. நெஸ்டர் உள்ளேயிருந்தபடி கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தார்.

"என்ன அங்க கூட்டம்?"

"முன்னறைல போடச் சொல்றாங்க! முக்கியமானவங்க வந்தா..."

"யாரு வரப் போறா?"

"யாராவது."

"நாப்பது வருசமாப் பாக்கறேன், ஒருத்தனையும் காணோம். இன்னிக்கு நான் வந்திருக்கேன். எனக்குத் தெறந்து விடுடி."

ஓல்கா திரும்பி உள்ளே போனாள். பிளாஸ்டிக் விரிப்பை வாரிச் சுருட்டுகிற சத்தம் வாசல்வரை கேட்டது. பிறகு ஒரு அதட்டல்: "பூட்ஸக் கழட்டிட்டு வரணும் எல்லாரும்!"

நெஸ்டர் தலைமாட்டை உயர்த்திக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்து, "இங்கேருந்து பாத்தா தபால் நிலையம் தெரியுதா! எனக்குத் தெரியவே தெரியாது" என்றார். தங்க விளிம்புக் கோப்பையில் காபி வந்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடித்தார்.

எல்மர் தினமும் சாயங்காலம் போவார்.

"இன்னிக்கு எப்படி இருக்கு?"

"இடுப்பு பரவாயில்ல எல்மர்."

"உன்ன யாரு கேட்டா? தலைமாடு சத்தம் போடுதா?"

பார்த்துவிட்டுப் போகிறவர், சீட்டுக்கட்டு எடுத்தால் இரண்டு மணி நேரம் எழ மாட்டார். ஏப்ரலில் நெஸ்டர் வாக்கரோடு தபால் நிலையம்வரை நடந்துபோய் வந்தார். நல்ல வாக்கர், கால் ஆடாதது.

எல்மர் திருந்திவிட்டாரா? இந்த இனம் திருந்தாது. அடுத்த கூட்டத்தில், அறைக்குள் சும்மா கிடக்கும் சாதனங்களின் உடல்நிலை கவலைக்கிடமாக இருப்பதாக அறிக்கை படித்தார். இப்போது ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் நின்று யார் நொண்டுகிறார்கள் என்று பார்க்கிறார். போன வாரம் என்னையே மடக்கினார்: "படி ஏறும்போது மூச்சு வாங்குற மாதிரி இருந்துச்சே பெர்னிஸ். ஒரு சக்கர நாற்காலிக்கு ரெண்டு மாசம் நடமாட்டம் வேணும்."

நீங்கள் சிரிக்கிறீர்கள். எல்மரை உங்களுக்குத் தெரியும், ஓல்காவையும் தெரியும். உங்கள் தெருவிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள். நீங்கள் நிச்சயமாக அந்த ரகம் இல்லை. இருந்தாலும் எதற்கும் ஒரு தடவை எழுந்து அலமாரியின் மேல்தட்டைத் திறந்து பாருங்கள். விருந்தாளிக்கென்று எடுத்துவைத்த போர்வை மடிப்புக் கலையாமல் இருக்கிறதா? பீங்கான் தட்டுகள் பெட்டிக்குள்ளேயே இருக்கின்றனவா? யாருக்காக? முக்கியமானவர் யாராவது வருவார் என்றா?

அவர் எப்போதோ வந்துவிட்டார். பின்வாசல் வழியாக வந்தார். அதோ, சமையலறையில் உட்கார்ந்து, பிடி உடைந்த கோப்பையில் காபி குடித்துக்கொண்டிருக்கிறார்.