கரடி மனிதன் சொன்ன இருநூறு

மலாயாவில், கிள்ளான் ஊரில் ஒரு வாரம் நான் கரடியாக இருந்திருக்கிறேன். சொல்ல வெட்கமே இல்லை. அன்றைய ரயில்வே ஆட்குறைப்பில் வேலை போனவர்கள் எத்தனையோ பேர். கரடி உத்தியோகம் கிடைத்தது எனக்கு மட்டும்தான்.

பிரிக்பீல்ட்ஸில் ரயில் கார்டாக இருந்த சிங்காரத்தின் மகள் மரகதத்தை எனக்குப் பேசி முடித்திருந்தார்கள். வேலை போனதும், "சும்மா இருக்கவனுக்குப் பொண்ணு இல்ல" என்று அவர் ஒற்றைக் காலில் நின்றார்.

"கிள்ளான்ல ஒரு கம்பெனிக்கு மேனேஜர் ஆயிட்டேன் மாமா" என்று அளந்துவிட்டேன். கம்பெனி என்றால் புரொபசர் பொன்னையாவின் வேடிக்கைக் கூடாரம். நான் அங்கே கூண்டுக்குள் இருந்தேன்.

புருவம்வரை உடம்பெல்லாம் பசை தடவித் தேங்காய் நாரை ஒட்டி, முகத்தில் கரி பூசிவிடுவார் பொன்னையா. "பகாங் காட்டில் பிடிபட்ட கரடி மனிதன்! மனித பாஷை அறியாதவன்!" என்று அவர் முழங்க, நான் உறுமுவேன். (அந்த உறுமலில் ஒரு போலீஸ்காரர் தொப்பியைக் கீழே போட்டுவிட்டு ஓடியிருக்கிறார். சும்மா இல்லை!)

சனிக்கிழமை முன்வரிசையில் சிங்காரம், பக்கத்தில் மரகதம், அவள் மடியில் அக்காள் பிள்ளை. என் குட்டு உடைந்தால் கல்யாணம் போச்சு. பயத்தில் இன்னும் பலமாக உறுமிக் குதித்தேன். நார்த்தூசி பறந்து பிள்ளையின் மூக்கில் ஏற, அது தும்மியது.

பிள்ளை தும்மினால் ஆயுசு சொல்லி வளர்ந்த வாய் சும்மா இருக்குமா? "நூறு!" என்றேன்.

கூடாரமே கழுத்தை நீட்டியது. பிள்ளை மறுபடி தும்மியது. அப்போதாவது வாயை மூடியிருக்கலாம்.

"இருநூறு!"

கல்லெறி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். பொன்னையா அசரவில்லை. "பார்த்தீர்களா! ஒரே வாரத்தில் தமிழ் கற்றுக்கொடுத்துவிட்டேன்! நாளை முதல் டிக்கெட் இரண்டு மடங்கு!" என்றார். ஜனம் கைதட்டியது.

சிங்காரம் மட்டும் எழுந்து கூண்டருகே வந்தார். "மேனேஜர் தம்பி, கேட்ட குரலா இருக்கே?"

உறுமிப் பார்த்தேன், பலிக்கவில்லை. "மன்னிச்சிருங்க மாமா" என்றது கரடி.

மரகதம்தான் வாய் திறந்தாள். "இத்தனை பேர் இருந்தாங்கப்பா. நம்ம பிள்ளைக்கு ஆயுசு சொன்னது இவரு ஒருத்தருதான்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒரு வாரம் நாருக்குள்ள வெந்தவன் எந்த வேலையும் செய்வான். உரிச்சிட்டு வீட்டுக்கு வா."

உரிக்க மூன்று நாளாயிற்று. கல்யாணப் போட்டோவில் எனக்கு இடது புருவம் இல்லை.

இன்றும் எங்கள் வீட்டில் பிள்ளைகள் தும்மினால் வேறு யாரும் வாய் திறப்பதில்லை. எல்லோரும் என் பக்கம் திரும்பிக் காத்திருப்பார்கள். முதலில் நான் உறுமவேண்டும், அப்புறம்தான் நூறு.