மாடிவீட்டுக் காக்ராவும் கீழ்வீட்டு மன்னிப்பும்

பாவ்நகர்,
சம்வத்சரி நாள், பிற்பகல்

சௌபாக்கியவதி கேத்கிக்கு,

கீழ்வீட்டிலிருந்து உன் ஓரகத்தி தமயந்தி கைகூப்பி எழுதுவது. ஜினேந்திர பகவானின் அருளால் இங்கே எல்லோரும் நலம். மாடியிலும் நலம்தான் என்பது நடமாட்டச் சத்தத்திலிருந்தே தெரிகிறது. கடந்த ஓராண்டில் மனத்தாலோ வாக்காலோ உடலாலோ, தெரிந்தோ தெரியாமலோ உன்னை நான் நோகடித்திருந்தால் மன்னிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். மிச்சாமி துக்கடம். என் தீவினைகளெல்லாம் இல்லையென்று ஆகட்டும்.

ராஜ்கோட்டிலிருக்கும் என் அண்ணனுக்கும் மோர்பி அத்தைக்கும் இதே நாலு வரியைத்தான் எழுதி அனுப்பினேன். அவர்களுக்கு அதோடு தீர்ந்தது. உனக்கு அப்படித் தீராது. காலைப் பிரசங்கத்தில் சாத்வி மகராஜ் சொன்னதை முதல் வரிசையில் உட்கார்ந்து நீயும்தான் கேட்டாய். ஓராண்டைத் தாண்டிவிட்ட கோபம் கல்லில் விழுந்த வெடிப்பு மாதிரி, பிறவிக்குப் பிறவி கூடவே வருமாம். உன்மேல் எனக்குள்ள கோபத்துக்கு நாளையோடு ஒரு வருஷம் முடிகிறது. இன்று மாலைப் பிரதிக்கிரமணத்தில் வருஷத்துப் பாவத்தையெல்லாம் சொல்லிக் கழுவுவதற்குள் இதைத் தீர்த்துக்கொள்ளாவிட்டால் அடுத்த பிறவியிலும் நான் உனக்குக் கீழ்வீட்டில்தான் குடியிருக்க வேண்டிவரும். அதனால்தான் உபவாசத்தோடு உபவாசமாக உட்கார்ந்து அவசரமாக எழுதுகிறேன். நேரில் வந்தே சொல்லலாம். ஆனால் படியேறினால் "கேத்கி காக்ரா" என்ற உன் பெயர்ப்பலகையைத் தாண்ட வேண்டியிருக்கிறது.

கோபம் எங்கே ஆரம்பித்தது என்று உனக்கு நினைவிருக்காது. மாலை போட்டுக்கொண்டவர்களுக்கு நினைவிருக்காது. போன வருஷம் உபவாசம் முடிந்த மறுநாள் மகளிர் மண்டலத்தில் உனக்குப் பாராட்டு. உன் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நான் இரண்டாம் வரிசையில் இருந்தேன். தலைவி மைக்கை உன் வாய்க்கருகே பிடித்து, "கேத்கிபென், சொந்தமா தொழில் பண்ணணும்னு உங்களை எது தூண்டுச்சு?" என்று கேட்டாள். நீ முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "எல்லாம் பெரியவங்க ஆசீர்வாதம். எங்க வீட்டுக்காரரோட ஆதரவு. பொண்ணுங்க சொந்தக் கால்ல நிக்கணும்னு சின்ன வயசுலேர்ந்தே ஒரு லட்சியம்" என்றாய். கைதட்டினார்கள். உன் பை மடியில் இருந்ததால் நான் தட்டவில்லை. லட்சியமாம்! பரேஷின் ஆதரவாம்! நீ தொழில் தொடங்குவதற்கு முதல்நாள் மழையில் செருப்பு அறுந்து, புதுசு வாங்க அவனிடம் நீ பணம் கேட்டபோது நான் கீழே துணி மடித்துக்கொண்டிருந்தேன். "எதுக்கு? போன தீபாவளிக்குத்தானே வாங்கின?" என்று அவன் கேட்டது தெருவுக்கே கேட்டது. நீ வெறுங்காலோடு மாடிக்குப் போனாய். மறுநாள் காலையிலிருந்து உன் கல்லில் காக்ரா வேகும் வாசனை. சப்பாத்தியைவிட மெல்லிசாகத் தேய்த்து, கல்லில் போட்டு, மரக்கட்டையால் அழுத்தி அழுத்தி மொறுமொறுப்பாக்குவதை இந்த வீட்டுக்கு நீ மருமகளாக வந்த முதல் மாதம் உனக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? அதை மேடையில் சொன்னாயா?

ஆனாலும் பணத்தைப் பார்த்து நான் வயிறெரியவில்லை. பகவான் சாட்சி. அந்த ஒரு வார்த்தை, அந்த "எதுக்கு", உன் வீட்டில் நின்றுவிட்டது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கடைத்தெருவிலிருந்து நீ தனியாக ஆட்டோவில் வந்து இறங்கினாய். ஷேர் ஆட்டோவே இல்லை, முழு ஆட்டோ. கேசர் மாம்பழம் ஒரு பெட்டி வாங்கி, விலையை ஒருத்தருக்கும் சொல்லாமல் மாடிக்குக் கொண்டுபோனாய். நான் ஒரு கட்டு கொத்துமல்லி வாங்கினாலும் சாயங்காலம் வீட்டுக்காரருக்கு எழுதிக் காட்ட வேண்டும். நாலாம் வகுப்போடு நின்றுவிட்டு, நானாகவே கணக்குக் கற்றுக்கொண்டு, இத்தனை வருஷம் ஒரு பைசா பிசகாமல் எழுதுகிறேன். எல்லாம் அடுத்தவர் பணம்.

இதற்கு நடுவில், உனக்கு மூத்தார் ஆகவேண்டிய மனிதர் இருக்கிறாரே, அவர் ஒருநாள் காலைத் தேநீரோடு உன் காக்ராவைக் கடித்துவிட்டு, "கேக்கறியா? என்னமா மொறுமொறுங்குது பாரு! சத்தம் காதுக்குள்ளயே கேக்குது" என்றார். இருபது வருஷத்துக்கு மேலாக என் காக்ராவைக் கடிக்கிறார், ஒருநாள்கூட அந்தச் சத்தம் அவர் காதில் விழுந்ததில்லை. போதாததற்குக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார். முன்பெல்லாம் அவர் வந்தாலே முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்வாய், இப்போது பில்லை நீட்டுகிறாய். அந்தச் செலவை என் கையால் நானே எழுத வேண்டியிருந்தது: "காக்ரா, மாடி." அந்த இரண்டு வார்த்தை எழுதிய பேனாவால் அதற்கப்புறம் எனக்கு எழுதவே பிடிக்கவில்லை. மறுநாள் பெட்டியிலிருந்து பெரிய கல்லை இறக்கினேன். "எதுக்கு?" என்றார். "வேணும்" என்றேன்.

என் தொழில் எப்படி நடந்தது என்று உனக்குத் தெரியும், படியில் நின்று கேட்டுக்கொண்டுதானே இருந்தாய்? நீ மஞ்சூரியன் காக்ரா, பானிபூரி காக்ரா என்றெல்லாம் போட்டாய். நான் சீரகம் போட்ட சாதா மட்டும். முதலில் வந்த ஆளிடம், "எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க?" என்று கேட்டேன். "ராத்திரி டிவி பாத்துக்கிட்டே கொறிப்போம் பென்" என்றான். "அப்ப குடுக்க முடியாது. பொழுது சாஞ்சப்புறம் திங்கிறவங்களுக்கு வித்தா பாதிப் பாவம் என் தலையில" என்றேன். அவன் சிரித்துக்கொண்டே, "அந்தப் பாதிக்கும் சேத்து விலை போட்டுக்கோங்க" என்றான். கதவைச் சாத்தினேன். கல்யாண ஆர்டர் ஒன்று வந்தது. விருந்து ராத்திரி ஒன்பது மணிக்கு என்றார்கள், அதையும் விட்டேன். கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள் என்று உன் மூத்தாரை அனுப்பினால், தரம் பார்க்கிறேன் என்று வழியிலேயே ஒரு பாக்கெட்டைக் காலிசெய்தார். கல்லைத் திரும்பப் பெட்டியில் வைக்க இருந்த சமயத்தில்தான் முனைக்கடை பூபத்பாய் வந்தார். "எவ்வளவு போட்டாலும் நான் எடுத்துக்கறேன் தமயந்திபென். யார் திங்கிறாங்க, எப்பத் திங்கிறாங்கன்னு மட்டும் கேக்கப்படாது" என்றார். அவர் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார் என்பது அவர் பாடு என்று ஒத்துக்கொண்டேன்.

அந்த மாதங்களில் எனக்கு இருந்த மிதப்பை இப்போது நினைத்தால் கூசுகிறது. உன் காதில் விழ வேண்டும் என்றே படிக்கட்டில் நின்று, "இந்த வாரமும் ஒண்ணுகூட மிச்சமில்ல!" என்று அவரிடம் கத்துவேன். நீ மேலேயிருந்து எட்டிப் பார்த்துச் சிரிப்பாய். பொறாமையில் சிரிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு சந்தோஷமாகத் தூங்கினேன்.

பர்யூஷண் விரத நாட்களுக்கு முந்தின வாரம், ஊரே காக்ரா வாங்கிச் சேர்க்கும் சமயம், பூபத்பாய் கடைக்குள் சொல்லாமல் நுழைந்தேன். மனிதர் தரையில் உட்கார்ந்து என் பாக்கெட்டுகளில் ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டிருந்தார்: "கேத்கி காக்ரா, சாதா." "என்ன பூபத்பாய் இது?" என்றேன். "அட, உங்களுக்குத் தெரியாதா? கேத்கிபென் சொல்லித்தானே எடுக்கறேன். பாம்பே காட்கோபர்ல சாதாவுக்குத்தான் கிராக்கி. அவங்களுக்கு இவ்வளவு மெல்லிசா வரமாட்டேங்குது" என்றார். நான் உன்னைத் தோற்கடித்துக்கொண்டிருக்கவில்லை, உனக்குக் கூலிக்குத் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்! அன்றைக்கு மட்டும் அந்தப் பலகையைத் தாண்டி மேலே வந்தேன்.

"எங்கிட்ட நேரா ஏன் கேக்கல?"

"கேட்டா குடுத்திருப்பீங்களா பாபி?"

"மாட்டேன்."

"அதான்."

அதோடு விட்டாயா? "வாங்க ஆளில்லாம கல்லைத் தூக்கி வெச்சிடுவீங்களோன்னு இருந்துச்சு" என்று வேறு சொன்னாய். திருடினாய் என்றால் திட்டியிருப்பேன். நீ இரக்கப்பட்டிருக்கிறாய். லாபமும் பார்த்துக்கொண்டு இரக்கமும் பட்டிருக்கிறாய். அதை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. சாஸ்திரம் சொல்லும் பதினெட்டுப் பாவங்களையும் நேற்று எண்ணிப் பார்த்தேன். கொலையையும் களவையும் இன்னும் ஒன்றிரண்டையும் தவிர மற்றதெல்லாம் இந்த வருஷம் உன் ஒருத்தியாலேயே செய்து முடித்திருக்கிறேன்.

சரி, போகட்டும். மாலைக்குள் மனசைக் கழுவ வேண்டும். உன்னை மன்னித்துவிட்டேன், நீயும் என்னை மன்னி. நாளை முதல் கல்லைப் பெட்டியில் வைத்துவிடுகிறேன், காட்கோபர் உனக்கே இருக்கட்டும். ஒன்று மட்டும் கேட்கிறேன். இனி எந்த மேடையிலாவது பெண்கள் ஏன் தொழில் தொடங்குகிறார்கள் என்று கேட்டால், ஆசீர்வாதம், லட்சியம் என்று அளக்காதே. "எதுக்கு" என்று கேட்பவருக்கு "வேணும்" என்று சொல்வதற்காக என்று சொல். என்னைக் கேட்டால் மறைக்க மாட்டேன், மாடியைப் பார்த்து வயிறு எரிந்தது, அந்த நெருப்பில்தான் அடுப்பு மூட்டினேன் என்பேன்.

பரேஷுக்கு என் ஆசி. குழந்தைகள் நன்றாகப் படிக்கட்டும். உன் கல்லும் கட்டையும் என்றும் குளிராமல் இருக்கட்டும். எல்லா உயிர்களையும் மன்னிக்கிறேன், எல்லா உயிர்களும் என்னை மன்னிக்கட்டும், அதில் நீயும் சேர்த்தி.

மனத்தில் மிச்சம் எதுவுமில்லாத,
தமயந்தி

பின்குறிப்பு: கவரை ஒட்டும்போது தொலைபேசி அடித்தது. காட்கோபரிலிருந்து ஓர் அம்மாள். "தமயந்திபென்னா? பாக்கெட்டுக்கு அடியில ஒரு சீட்டுல உங்க நம்பர் இருந்துச்சே" என்றாள். ஆமாம், அன்று உன் வீட்டுப் படியிறங்கியதிலிருந்து ஒவ்வொரு பாக்கெட்டிலும் கடைசிக் காக்ராவுக்கு அடியில் ஒரு சீட்டு வைத்து வருகிறேன். தீபாவளிக்குப் பெரிய ஆர்டர். நீ என்ன விலைக்குக் கொடுக்கிறாய் என்று விசாரித்து, ஒரு ரூபாய் குறைத்துச் சொல்லி ஒத்துக்கொண்டேன். இன்றைக்கு வியாபாரம் பேசக்கூடாதுதான். ஆனால் நாளைக்கு ஒத்துக்கொண்டால் வருஷம் முழுக்க அந்தப் பாவத்தைச் சுமக்க வேண்டும். பிரதிக்கிரமணத்துக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருப்பதால், மேலே கேட்ட மன்னிப்பிலேயே இதுவும் அடங்கிவிடுகிறது. சீக்கிரம் மன்னித்துவிடு, பொழுது சாயப்போகிறது.